பிரிஜெட்டின் லென்ஸில் நடந்து வந்தவர்

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இறைச்சிக் கடைகளும் துணிக் கடைகளும் ஓய்கிற இடத்தில் ஒரு சந்து பிரிகிறது. அம்பு விட்டமாதிரி நேராக வந்து, பச்சைக் கதவு போட்ட ஒரு ஓட்டு வீட்டில் முட்டி, வலது பக்கம் திரும்பிவிடும். தெருக்குத்து வீடு. ஆகாது என்று யாரும் வாங்காமல் கிடந்ததை லாயிடின் அப்பா மலிவாக வாங்கினார். சந்தைப் பார்த்த சுவரில் ஒரு மாடம் வைத்து, அதில் கண்ணாடி போட்டு மாதாவை நிறுத்தினார். வருவது எதுவானாலும் மாதா பார்த்துக்கொள்வாள் என்பது அவர் கணக்கு. லாயிடைக் கட்டிக்கொண்டு பிரிஜெட் இந்த வீட்டுக்கு வந்து முப்பது வருஷம் ஓடிவிட்டது. தெருக்குத்து என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. சந்து நேராக இருப்பது அவள் தொழிலுக்கு வசதியாகக்கூட இருந்தது.

பிரிஜெட்டுக்குப் பீன்யாவில் ஒரு டூல் ரூமில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லேத்திலிருந்து வரும் பாகங்களை மைக்ரோமீட்டரில் அளந்து, சரியானதை ஒரு தட்டிலும் தவறானதை இன்னொரு தட்டிலும் போடவேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால் அங்கே ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. பழைய லென்ஸ்களைப் புதுக் கேமராக்களில் மாட்டுவதற்கான அலுமினிய வளையங்கள். மாதிரிகள் செய்து முடித்தபோது ஆர்டர் நின்றுவிட்டது. கழித்துப்போட்ட வளையங்களில் சிலவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள் பிரிஜெட். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு எதற்கு இவ்வளவு துல்லியம் என்ற ஆவல்தான். சிக்பேட்டையில் ஒரு பழைய மிரர்லெஸ் கேமராவும் வாங்கினாள். அதோடு அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று லாயிட் சொல்வார்.

விஷயம் இவ்வளவுதான். லென்ஸின் பின்விளிம்புக்கும் படம் விழும் சென்ஸாருக்கும் நடுவே ஒவ்வொரு கம்பெனியும் ஒரு தூரம் வைத்திருக்கிறது. பழைய கேமராக்களில் உள்ளே ஒரு கண்ணாடி எழும்பி விழ இடம் வேண்டியிருந்ததால் அந்தத் தூரம் அதிகம். இப்போதைய கேமராக்களில் அந்தக் கண்ணாடி இல்லை, தூரம் குறைவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வளையம் நிரப்பவேண்டும். ஒரு தலைமுடியளவு தடித்துப்போனாலும் தொலைவில் இருப்பது எதுவும் தெளிவாக விழாது. பிரபலமான லென்ஸ்களுக்கு ரெடிமேட் வளையம் ஆன்லைனில் கிடைக்கும். கிடைக்காததற்கு ஆட்கள் பிரிஜெட்டிடம் வந்தார்கள். கல்யாண போட்டோகிராபர்கள், குறும்படம் எடுக்கிற பையன்கள், பறவை பார்க்கிறவர்கள். டூல் ரூமில் ஷிஃப்ட் முடிந்தபின் வளையத்தைக் கடைந்து வாங்கிக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தன் வீட்டு முன்ஜன்னலில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திச் சோதித்துப் பார்ப்பாள். சந்தின் மறுமுனையைத் தாண்டி, மெயின் ரோட்டுக்கு அந்தப்புறம் ஒரு செல்போன் டவர் தெரியும். லென்ஸின் தூர வளையத்தில் எட்டைப் படுக்கப்போட்டதுபோல் ஒரு குறி இருக்குமே, முடிவில்லாத தூரம் என்று அர்த்தம், அந்தக் குறியில் வைத்தால் டவர் துல்லியமாகத் தெரியவேண்டும். தெரிந்தால் வேலை முடிந்தது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மழை ஆரம்பிக்கிற சமயத்தில், அஷ்வின் என்ற கல்யாண போட்டோகிராபர் ஒரு லென்ஸைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான்.

"ஆன்ட்டி, இதுக்கு எங்கயும் ரிங் கிடைக்கல. கேமரா செஞ்ச கம்பெனியே இப்ப இல்லையாம். ஆனா கிளாஸைப் பாருங்க, என்னா க்ளீனா இருக்குது."

கனமான பித்தளை உடம்பு. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. மீட்டரிலும் அடியிலும் தூரம் பொறித்திருந்தது. பிரிஜெட்டுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. அளவெடுத்து, வளையம் செய்து, அடுத்த ஞாயிறு ஜன்னலில் மாட்டினாள்.

இந்த மாதிரி லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். அதற்கு உதவியாகப் புதுக் கேமராவில் ஒரு வசதி உண்டு. எந்தப் பொருள் கூர்மையாக இருக்கிறதோ அதன் விளிம்பில் மட்டும் திரையில் சிவப்புக் கோடு ஓடும். பிரிஜெட் வளையத்தைத் திருப்பினாள். டவரின் கம்பிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. படுத்த எட்டில் மிகச்சரியாக நின்றது. திருப்தியோடு கொஞ்சம் பின்னால் திருப்பினாள். சந்தின் வாயில் கோழிக்கடைக் கூண்டின் கம்பி சிவந்தது. அதன் பக்கத்தில், வெறும் தரைக்கு மேலே, ஒரு ஆள் உயரத்துக்குச் சிவப்புக் கோடு நின்றது.

இரண்டு தோள், இரண்டு பக்கமும் கை, கீழே கால். உள்ளே ஒன்றுமில்லை. கோட்டுக்கு உள்ளே கோழிக்கடையின் நீலச் சுவர் அப்படியே தெரிந்தது.

தலையைத் தூக்கி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. மறுபடி திரையைப் பார்த்தாள். கோடு இருந்தது. ஒரு ஸ்கூட்டர் சந்துக்குள் திரும்பி, அந்தக் கோட்டின் ஊடாகவே வந்து, மாதா மாடத்தருகே ஹாரன் அடித்துவிட்டு வலது பக்கம் போனது. கோடு கலையவில்லை. பிரிஜெட் பட்டனை அழுத்திப் படம் எடுத்தாள். படத்தில் நீலச் சுவர் மட்டும்தான் விழுந்திருந்தது.

இன்ஸ்பெக்‌ஷன்காரிக்குத் தவறென்றால் முதலில் அளவுதான் நினைவுக்கு வரும். உள்ளே எங்கேயோ வெளிச்சம் பட்டுப் பிரதிபலிக்கிறது என்று முடிவு செய்தாள். வாரம் முழுக்கச் சாயங்காலங்களில் லென்ஸைப் பிரித்து, கண்ணாடிகளைத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தாள். பூஞ்சை இல்லை, விரிசல் இல்லை. அதே கேமராவில் வேறு லென்ஸை மாட்டினாள். சந்து சந்தாகவே இருந்தது. மறுபடி பித்தளை லென்ஸை மாட்டினாள். கோழிக்கடைக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. அப்பாடா என்று வளையத்தை இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

தையல்காரர் வீட்டுப் படிக்கு முன்னால் அது நின்றிருந்தது. லென்ஸின் தூரக்குறி பத்து மீட்டருக்கு மேலே இருந்தது இப்போது பத்துக்குக் கீழே வந்திருந்தது.

அது நடந்து ஒருநாளும் பார்த்ததில்லை அவள். எப்போது பார்த்தாலும் நின்றுகொண்டுதான் இருக்கும். ஆனால் அடுத்தமுறை பார்க்கும்போது கிட்டத்தில் இருக்கும். எவ்வளவு கிட்டத்தில் என்று லென்ஸே சொன்னது. கோடு கூர்மையாகும் இடத்தில் வளையத்தை நிறுத்தி, பொறித்திருக்கும் எண்ணைப் படித்தால் போதும். ஏழு. ஐந்து. கிட்ட வர வர விவரம் கூடியது. இடது தோள் வலதைவிடத் தாழ்ந்திருந்தது. நெஞ்சுக்குக் குறுக்கே வார் மாதிரி ஒரு கோடு போனது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் கோடே இல்லை. முட்டை ஓடுபோல ஒரு வெளிவட்டம், அதற்குள் ஒன்றுமில்லை.

மூன்று மீட்டரில் வந்தபோது லாயிடைக் கூப்பிட்டாள். பள்ளிக்கூட ஆபீஸில் குமாஸ்தாவாக இருப்பவர் அவர். எதையும் கண்ணால் கண்டால்தான் நம்புவார். திரையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"பிரிஜி, இது எப்பலேர்ந்து?"

"கோழிக்கடைகிட்ட இருந்தப்போலேர்ந்து."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"லென்ஸ்ல கோளாறுன்னு நினைச்சேங்க."

அவர் உள்ளே போய், வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த தீர்த்தப் பாட்டிலை எடுத்துவந்து, ஜன்னல் கம்பி, கதவு நிலை, வாசல்படி எல்லாவற்றிலும் தெளித்தார். தெளித்துவிட்டுத் திரையைப் பார்த்தார். அது நின்ற இடத்திலேயே நின்றது. அதற்குப் பின்னால் ஒரு பூனை வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"அந்தப் பையன்கிட்ட லென்ஸைக் குடுத்து அனுப்பிடு."

"குடுத்துட்டா அது வராம இருக்குமா? நமக்குத் தெரியாம வரும், அவ்வளவுதான்."

அன்றைக்கு இரண்டு பேரும் பகல் சாப்பாட்டைப் பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முன்னறையில் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாருக்கும் எழுந்துபோய் நிறுத்தத் தோன்றவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் லென்ஸ் அரை மீட்டர் காட்டியது. அந்த லென்ஸால் பார்க்கமுடிந்த ஆகக் கிட்டத்துத் தூரம் அதுதான். ஜன்னல் கம்பிக்கு வெளியே, மாதா மாடத்துக்குக் கீழே. மறுநாள் எதுவும் தெரியவில்லை. எந்தக் குறியிலும் கோடு இல்லை.

போய்விட்டது என்று லாயிட் சிலுவை போட்டுக்கொண்டார். பிரிஜெட்டுக்குத் தெரியும், போகவில்லை என்று. லென்ஸ் பார்க்கமுடியாத கிட்டத்துக்கு வந்துவிட்டது. அவளுடைய மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது.

வளையத்தைத் தடிமனாக்கினால் லென்ஸ் இன்னும் கிட்டத்தில் பார்க்கும். பூ, பூச்சி எடுக்கிறவர்களுக்காக அவள் செய்துவைத்த துண்டுகள் டிராயரில் இருந்தன. ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே கேஸ் சிலிண்டர் வண்டிக்காரன் இரும்பைத் தட்டிக்கொண்டு போனான். அந்தச் சத்தம் கொடுத்த தைரியத்தில் துண்டைச் சேர்த்து மாட்டி, திரையைப் போட்டாள்.

திரை முழுக்கச் சிவப்பு. முதலில் புரியவில்லை. பிறகு தெரிந்தது, நூல். குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற சட்டைத் துணியின் நெசவு. ஓரத்தில் நாலு துளை போட்ட ஒரு பட்டன். பிரிஜெட் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மூச்சு விடுகிற நெஞ்சானால் நெசவு ஏறி இறங்கவேண்டும். இது அசையவில்லை.

அவள் கத்தவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி எழுந்தாள். பஸ்ஸில் நெரிசலில் ஒருவருக்கு வழிவிடுவதுபோல் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். பின்னாளில் லாயிடிடம் சொல்லும்போது, "அது என்னைப் பாக்க வரலைன்னு அப்பத்தான் தோணுச்சு. நான் வழியில உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்" என்றாள்.

மறுநாள் துண்டைக் கழற்றிவிட்டு, கேமராவை முதன்முறையாக வீட்டுக்குள் பார்த்துத் திருப்பி வைத்தாள். நடையில், அடுக்களை வாசலுக்கு நேரே, அது நின்றது. லாயிட் அதைக் கடந்துபோய்க் காபி டம்ளரைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்தார். அவரிடம் அவள் சொல்லவில்லை. அதற்கு அடுத்தநாள் பின்வாசலில். அப்புறம் துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப்புறம். பின்சுவருக்கு வெளியே அடுத்த சந்தில், கிழக்கே, தூரக்குறி கூடிக்கொண்டே போனது. சந்திலிருந்து நேர்கோடு போட்டு வீட்டைக் குடைந்துகொண்டு அது எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

எங்கே என்று தெரியாமல் பிரிஜெட்டால் வேலைக்குப் போய்வர முடியவில்லை. அஷ்வினுக்குப் போன் செய்தாள்.

"தம்பி, இந்த லென்ஸ் உனக்கு எங்க கிடைச்சுது?"

"லிங்கராஜபுரத்துல ஒரு வீடு காலி பண்ணாங்க ஆன்ட்டி. லவினான்னு ஒரு மேடம். அவங்க அண்ணன் போட்டோகிராபராம், தவறிட்டாரு. ஏன், ஏதாச்சும் ப்ராப்ளமா?"

தன்னிடம் இருந்ததிலேயே நல்ல லென்ஸ் ஒன்றை அவனுக்குக் கொடுத்து, பித்தளை லென்ஸைத் தானே வைத்துக்கொண்டாள் பிரிஜெட். அவனுக்கும் சந்தோஷம். லவினாவின் நம்பரைக் கொடுத்தான்.

லவினா இப்போது ஹெப்பகோடியில், மகன் க்ளென்னோடு ஆறாவது மாடி ஃப்ளாட்டில் இருந்தாள். க்ளென்னுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. லவினாவுக்கு ஐம்பதைத் தொடும் வயது, நரைக்கு மருதாணி போட்ட தலை. லென்ஸைப் பற்றிப் பேசவேண்டும் என்று மட்டும் போனில் சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை பிரிஜெட் அங்கே போனாள். பிஸ்கட்டும் டீயும் வந்தன. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "உங்க அண்ணன் எப்படி நடப்பாரு?" என்று கேட்டுவிட்டாள்.

லவினா டீ கப்பைக் கீழே வைத்தாள். "ஏன்க்கா கேக்குறீங்க?"

"ஒரு தோள் சாஞ்சிருக்குமா?"

"கேமரா பையை மாட்டி மாட்டி இடது தோள் இறங்கிடுச்சு. டென்சில் அண்ணனைப் பின்னாடியிருந்து பாத்தாலே தெரியும். உங்களுக்கு அவனைத் தெரியுமா?"

பிரிஜெட் எல்லாவற்றையும் சொன்னாள். கோழிக்கடையில் ஆரம்பித்து, சட்டைப் பட்டன் வரைக்கும். முடித்ததும் லவினா எழுந்துபோய் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

டென்சிலுக்குக் கல்யாணம் ஆகவில்லை. லிங்கராஜபுரத்தில் பெற்றோர் வீட்டில் முன்னறைதான் அவன் ஸ்டுடியோ. கொரோனா இரண்டாவது அலையில் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி லவினாவை உள்ளே விடவில்லை. அவன் போய்விட்டான் என்பது போனில்தான் வந்தது. உடம்பை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, பீன்யாவையும் தாண்டி ஊருக்கு வெளியே ஒரு இடத்தில் அடக்கம் செய்கிறோம் என்றார்கள். தொண்டு செய்கிற யாரோ ஒருவர் வீடியோ அனுப்பினார்.

"வெள்ளை பிளாஸ்டிக்ல சுத்தி இறக்குனாங்க. அது அவன்தானான்னே எனக்குத் தெரியாதுக்கா. வீட்டை விட்டுப் போகும்போது, 'கேட்டைப் பூட்டாத, நைட் வந்துடுவேன்'னு சொன்னான்."

பீன்யாவுக்கு அப்பாலிருந்து சிவாஜிநகர் வழியாக லிங்கராஜபுரத்துக்குப் பிரிஜெட் மனதில் கோடு போட்டுப் பார்த்தாள். பாதி வழி, அவள் தினமும் வேலைக்குப் போய்வருகிற பாதை. கொரோனா முடிந்து மூன்று வருஷமாக அவள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்துகொண்டிருந்த அதே ரோட்டில், ஓரமாக, அவன் நடந்துகொண்டிருந்திருக்கிறான்.

"அவரு வீட்டுக்குப் போறாரு லவினா. நேரா லிங்கராஜபுரத்துக்கு."

"வேணாம்க்கா. போகவேணாம்னு சொல்லுங்க. அங்க வீடு இல்ல."

தனியாக இருக்கமுடியாமல் அவள் வீட்டை விற்றுவிட்டாள். வாங்கியவர் இடித்துவிட்டு அபார்ட்மென்ட் கட்ட ஆரம்பித்திருந்தார்.

"கேட்டே இல்லக்கா. பெரிய பள்ளம் தோண்டி வெச்சிருக்காங்க. அவன் வந்து அந்தப் பள்ளத்து முன்னாடி நிப்பானா?" என்றாள். சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். பயத்தில் அழுகிறாளா துக்கத்தில் அழுகிறாளா என்று பிரிஜெட்டுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு பேருமாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். அன்றிலிருந்து வார லீவு நாட்களில் பிரிஜெட் லிங்கராஜபுரம் போய், இடிந்த வீட்டின் தெருவில் கேமராவோடு காத்திருந்தாள். தெருக்காரர்கள் அவளை பில்டரின் ஆள் என்று நினைத்தார்கள். டிசம்பரில் கேக் கடைகளில் நட்சத்திரம் தொங்கவிட்ட பிறகு ஒரு மத்தியானம், தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் சிவப்புக் கோடு நின்றது. இடது தோள் தாழ்ந்து. பிரிஜெட் லவினாவைக் கூப்பிட்டாள். அவள் வந்துசேர்வதற்குள் அது பாதித் தெரு வந்துவிட்டிருந்தது. இவ்வளவு வேகமாக அது வந்ததே இல்லை. வீடு கிட்டத்தில் வந்துவிட்டால் கால் தானாக வேகமெடுக்கும் அல்லவா?

ஆட்டோவிலிருந்து இறங்கிய லவினா கேமராவைப் பார்க்க மறுத்தாள். பள்ளத்தைச் சுற்றி அடித்திருந்த தகரத்துக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளே மண் அள்ளும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. பிரிஜெட் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா?"

"உனக்கு நேரா. நாலு மீட்டர் இருக்கும். நிக்கிறாரு."

லவினா முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். காற்றைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணா. வீடு இல்லண்ணா. நான்தான் குடுத்துட்டேன். நீ வருவேன்னு தெரியாது. இப்ப க்ளென்கூட ஹெப்பகோடில இருக்கேன்." கொஞ்சம் நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இவ்ளோ தூரம் நடக்காத. கலாசிபாளையம் போயி ஆனேக்கல் பஸ் பிடி. எலக்ட்ரானிக் சிட்டி தாண்டி ஹெப்பகோடி ஸ்டாப்னு கேளு. பஸ் ஸ்டாப்புக்கு எதிர்லயே ஒரு மெடிக்கல் ஷாப், அதுக்குப் பக்கத்து ரோடு. உள்ள வந்தா மஞ்சள் பில்டிங். ஆறாவது மாடி. தெரிஞ்சுதா?"

யாருக்கோ ஊருக்கு வழி சொல்கிற குரல். தகரத்தின் மேல் உட்கார்ந்திருந்த காக்கை பறந்து போனது. பிரிஜெட் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முகம் இருக்கவேண்டிய அந்த வெற்று வட்டத்துக்குள், நடுவில், ஒரு சின்னக் கோடு தோன்றி மறைந்தது. உதடாக இருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல முடியாது. அடுத்த கணம் தெருவில் தகரத்துக்கு முன்னால் லவினா மட்டும்தான் இருந்தாள்.

எவ்வளவு திருப்பியும் அது அப்புறம் அகப்படவில்லை.

லென்ஸை வளையத்தோடு சேர்த்து, தன்னுடைய பழைய கேமராவிலேயே மாட்டி, லவினாவிடம் கொடுத்துவிட்டாள் பிரிஜெட். வேண்டாம் என்று லவினா சொல்லவில்லை. திரையில் சிவப்பு வந்தால் என்ன, வளையத்தை எந்தப் பக்கம் திருப்பவேண்டும், எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். காலையில் க்ளென் வேலைக்குப் போனபிறகு பால்கனியில் உட்கார்ந்து கீழே ரோட்டைப் பார்ப்பாள். எப்போதாவது போன் செய்வாள். "இன்னைக்கும் ஒண்ணும் இல்லக்கா" என்பாள். பயந்துகொண்டு சொன்ன அந்த வார்த்தை மாதங்கள் போகப்போக வேறு மாதிரி ஒலிக்க ஆரம்பித்தது. "வர்ற வழியில சில்க் போர்டு சிக்னல் ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டானோ என்னமோ" என்று ஒருமுறை சொன்னாள். பிரிஜெட் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக்கூடாதோ என்று நினைத்தாள்.

பிரிஜெட் வேறு கேமரா வாங்கிக்கொண்டாள். வளையங்கள் செய்வதை நிறுத்தவில்லை. ஆனால் சோதிக்கும்போது சிவப்புக் கோடு வரும் வசதியை அணைத்துவிடுவாள். படத்தைப் பெரிதாக்கிக் கண்ணால்தான் பார்ப்பாள். கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். தெருக்குத்தில் வந்து முட்டுகிறவை எத்தனை என்று தெரிந்து என்ன செய்வது என்பாள் லாயிடிடம். வேலை முடிந்து வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரத்தில் உட்காருவதையும் விட்டுவிட்டாள்.

மறுவருஷ மழைக்காலமும் கழிந்து, குளிர் எட்டிப்பார்த்த ஒரு வேலைநாள் பகல். டூல் ரூம் கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது போன் அடித்தது. லவினா.

"அக்கா, வந்துட்டான்." மூச்சு இரைத்தது. "கேட் பக்கத்துல நிக்கிறான். தோளைப் பாத்தேன். அவன்தான்."

பிரிஜெட் கேன்டீனை விட்டு வெளியே வந்தாள். "பயமா இருக்காம்மா? க்ளென் எங்க?"

"ஆபீஸ்ல. பயம் இல்லக்கா. அவனுக்கு லிஃப்ட்ல ஏறத் தெரியாதே, அதான் யோசிக்கிறேன். எங்க பழைய வீட்ல மாடியே கிடையாது." செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. "நீங்க போனை வெக்காதீங்க. நான் கீழ போறேன்."

பிரிஜெட் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். லிஃப்ட் இறங்கும் சத்தம், கதவு, பிறகு வெளிக்காற்று. யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று வாட்ச்மேன் மஞ்சுநாத் கன்னடத்தில் கேட்பது தெளிவாக விழுந்தது.

"யாரிகெ காய்தா இதீரா, மேடம்?"

"நம்ம அண்ணா பந்தித்தாரெ," என்றாள் லவினா. அண்ணன் வந்திருக்கிறார்.

அதற்கப்புறம் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு ஜோடி செருப்பின் சத்தம்தான். மறுபடி லிஃப்ட் மணி அடித்தது. கதவு மூடப்போய், குறுக்கே ஏதோ பட்டதுபோல் திறந்துகொள்ளும் சத்தம்.

"உள்ள வாண்ணா. தலையைக் குனிய வேணாம், இடிக்காது."

கதவு மூடியது. இறங்கும்போது அறுபடாத லைன் இப்போது அறுந்துபோயிற்று.

பிரிஜெட் திரும்பத் திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை. கேன்டீனுக்குத் திரும்பி வந்து, சோற்றைப் பிசைந்தாள், சாப்பிட முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றாள். சாப்பாட்டு வேளை முடிந்து மணி அடிக்கிற சமயத்தில் அந்தப்பக்கம் போனை எடுத்தார்கள். பின்னால் பாத்திரம் வைக்கிற ஓசை, குழாய்த் தண்ணீர், ஃபேன்.

"லவினா? என்னம்மா ஆச்சு?"

"சாப்பாடு போட்டுட்டு இருக்கேன்க்கா," என்றாள் லவினா, அவசரமும் சந்தோஷமுமாக. "அப்புறமா பேசறேன்."